குழாய்க்குள் ஒரு பிசிறு

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வட்டாரத்தில் தூசு என்றாலே கல்குவாரிதான் நினைவுக்கு வரும். மதூர், சிறுதாமூர், பழவேரி பக்கத்துச் சாலைகளில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. சாலையோரப் புளியமரங்கள் சாம்பல் பூசி நிற்கின்றன. அறுவடை நாட்களில் நெல் அறுக்கும் இயந்திரம் கிளப்பும் தூளும் இதோடு சேர்ந்துகொள்கிறது. வீட்டுக் கூரையில் படியும் அதே தூசுதான் மின்கம்பத்துப் பீங்கான் மீதும், சப் ஸ்டேஷனில் வரிசையாக நிற்கும் உயரமான பீங்கான் தூண்கள் மீதும் படிகிறது. காய்ந்திருக்கும்வரை அதனால் பெரிய தொல்லை இல்லை. மார்கழிப் பனி அதை நனைத்ததும் பீங்கானின் மேற்பரப்பில் மின்சாரம் கசியத் தொடங்குகிறது. விடியற்காலையில் சப் ஸ்டேஷன் வேலியோரம் நடப்பவர்களுக்குக் கேட்கும் சரசரப்பில் இந்தக் கசிவுக்கும் பங்கு உண்டு. கசிவு முற்றினால் பொறி பறக்கும், லைன் விழும். 'பராமரிப்புப் பணி காரணமாக நாளை மின்தடை' என்று செய்தித்தாளில் மாதந்தோறும் வரும் அறிவிப்புக்குப் பின்னால் இந்தப் பீங்கான் துடைக்கும் வேலையும் இருக்கிறது.

இந்தத் தொல்லைக்கு ஒரு வழி கண்டுபிடித்து அறுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. மின்சாரம் ஓடும் கடத்தியை வெளிக்காற்றில் நிறுத்தாமல் உலோகக் குழாய்க்குள் அடைத்து, அந்தக் குழாயில் காற்றைவிட வலுவான காப்பு வாயுவை அழுத்தி நிரப்பிவிடுவது. வாயுக் காப்பு சப் ஸ்டேஷன் என்று இதற்குப் பெயர்; பொறியாளர்கள் ஜி.ஐ.எஸ். என்பார்கள். 1960களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரிலும் ஜெர்மனியின் பெர்லினிலும் முதல் நிலையங்கள் எழுந்தன. நிலத்தின் விலை ஏற ஏற உலகமெங்கும் பெருநகரங்கள் இதைத் தேடிப் போயின. திறந்தவெளி நிலையத்துக்குத் தேவையான இடத்தில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ இதற்குப் போதும். கிண்டியில் 400 கிலோவோல்ட் நிலையமும் வடசென்னையில் 765 கிலோவோல்ட் நிலையமும் இந்த வகையில்தான் திட்டமிடப்பட்டன. கூடங்குளம் போன்ற கடலோரத்தில் வேறொரு காரணமும் உண்டு: உப்புக் காற்று பீங்கானைத் தீண்டாது.

கல்தூசும் உப்பும் குழாய்க்கு வெளியே நின்றுவிடுகின்றன. ஆனால் குழாயை மூடும்போது உள்ளே எது கிடந்ததோ, அதுவும் அங்கேயே தங்கிவிடுகிறது. திறந்தவெளி நிலையத்தில் போல்ட்டிலிருந்து ஓர் உலோகப் பிசிறு உதிர்ந்தால் ஜல்லித் தரையில் விழுந்து மழையோடு போய்விடும். அதை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். மூடிய குழாய்க்குள் அதே பிசிறு, நகம் வெட்டிய துணுக்கு அளவே இருந்தாலும், ஒரு நகரத்தின் பாதியை இருட்டாக்கிவிட முடியும்.

எப்படி என்று பார்க்க, முதலில் அளவுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். 400 கிலோவோல்ட் அமைப்பில் ஒவ்வொரு கடத்திக்கும் தரைக்கும் இடையே இருப்பது ஏறத்தாழ 2,31,000 வோல்ட். வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கோடு ஒப்பிட்டால் ஆயிரம் மடங்கு. திறந்தவெளியில் இதைத் தாங்க மூன்றரை மீட்டர் காற்று இடைவெளி விடுகிறார்கள். குழாய்க்குள் இருக்கும் இடைவெளி ஒரு சாணுக்கும் குறைவு. இந்த வித்தியாசத்தைச் சாத்தியமாக்குவது சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு என்ற வாயு. 1900ஆம் ஆண்டையொட்டி பிரெஞ்சு வேதியியலாளர்கள் ஆன்றி மொய்சானும் பால் லெபோவும் முதன்முதலில் உண்டாக்கிய இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, எரியாது. காற்றைப்போல் ஐந்து மடங்கு கனமானது. அதன் மூலக்கூறுகளுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு: சுற்றித் திரியும் எலக்ட்ரான்களைப் பிடித்துத் தம்மோடு ஒட்டிக்கொள்ளும். மின்பொறி என்பதே எலக்ட்ரான்கள் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருக்கெடுப்பதுதான். பெருகும் முன்பே அவற்றைப் பிடித்துவிட்டால் பொறி பிறக்காது.

இந்த வாயு வளிமண்டல அழுத்தத்திலேயே சென்டிமீட்டருக்கு 89 கிலோவோல்ட் வரை தாங்கும். ஜி.ஐ.எஸ். குழாயில் அதை நான்கைந்து மடங்கு அழுத்தத்தில் நிரப்புகிறார்கள். தாங்குதிறனும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடுகிறது. உள்விட்டம் அரை மீட்டர் உள்ள குழாயின் நடுவே 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள கடத்தி இருப்பதாகக் கொள்வோம். அந்தக் கடத்தியின் மேற்பரப்பில் அன்றாட ஓட்டத்தின் உச்சத்தில்கூட மின்புலம் சென்டிமீட்டருக்கு 36 கிலோவோல்ட்தான் வரும். வாயு தாங்கக்கூடியதோ இதைப்போல் பத்து மடங்கு. கணக்குப்படி பார்த்தால் அசைக்கவே முடியாத கோட்டை.

அந்தக் கணக்கு இரு பக்கமும் வழவழப்பாக, சுத்தமாக இருந்தால் மட்டுமே செல்லும். கூர்மையான எதுவும் தன் முனையில் மின்புலத்தைக் குவிக்கும். மெல்லிய கம்பித் துண்டின் நுனியில் அது பல பத்து மடங்கு உயர்ந்துவிடும். பத்து மடங்குப் பாதுகாப்பு அந்த இடத்தில் கரைந்துபோகிறது. இதில் இந்த வாயு காற்றைவிட மோசமாகவே நடந்துகொள்கிறது. எல்லை தாண்டாதவரை எலக்ட்ரான்களைக் கெட்டியாகப் பிடித்துவைத்திருக்கும். எல்லையைக் கொஞ்சம் தாண்டினாலும் பெருக்கம் சட்டென்று உயரும். அழுத்தத்தைக் கூட்டினால் வலிமை கூடுவது உண்மை. கூடவே சின்னச் சின்ன முனைகளையும் தாங்காத குணமும் கூடுகிறது.

அப்படியென்றால் குழாயின் அடியில் சும்மா படுத்துக் கிடக்கும் பிசிறு யாரை என்ன செய்யும் என்று தோன்றலாம். அது படுத்துக் கிடப்பதில்லை.

உலோகச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் பிசிறின் மீது மின்புலம் மின்னூட்டத்தை ஏற்றுகிறது. மின்னூட்டம் ஏறிய பிசிறை அதே புலம் மேலே இழுக்கிறது. இழுவிசை அதன் எடையைத் தாண்டியதும் பிசிறு எழுந்து நிற்கும், பிறகு தாவும். 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியக் கம்பித் துண்டு எழ, சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4.6 கிலோவோல்ட் போதும். செம்பு கனமானது, அதற்கு 8.4 வேண்டும். மேலே சொன்ன குழாயின் உட்சுவரில் அன்றாடம் இருக்கும் உச்சப் புலமோ ஏறத்தாழ 13. இரண்டுமே எழும். துண்டு எவ்வளவு நீளம் என்பது எழுவதற்கான புலத்தைப் பெரிதாக மாற்றாது, தடிமனும் உலோகமும்தான் அதை முடிவு செய்யும். எழுந்த பிறகு எவ்வளவு தீங்கு செய்யும் என்பதில்தான் நீளத்தின் பங்கு பெரிது.

மின்சாரம் நொடிக்கு 50 சுற்று திசை மாறுவதால், மேலே கிளம்பிய பிசிறைப் பாதி வழியிலேயே புலம் கீழே தள்ளும். விழுந்து சுவரைத் தொட்டதும் புதிய மின்னூட்டத்தோடு மறுபடி எம்பும். மணல் சட்டியில் பொரியும் நெல்லைப்போல் அது தாறுமாறாகத் துள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு துள்ளலில் அரை சென்டிமீட்டர், இன்னொன்றில் நான்கு. சுவரைத் தொடும் ஒவ்வொரு முறையும் மிகச் சிறிய பொறி ஒன்று வரும். வெளியில் எதுவும் தெரியாது. நாட்கணக்கில், மாதக்கணக்கில் இப்படியே ஓடலாம். ஒரு நாள் அது கடத்தியின் அருகே போய்விட்டால் சாண் இடைவெளி முழுவதும் ஒரே நொடியில் மின்வில்லாக எரியும். அதைவிடக் கெட்டது, கடத்தியைத் தாங்கி நிற்கும் எபாக்ஸிப் பிசின் ஸ்பேசர் மீது போய் ஒட்டிக்கொள்வது. அங்கே அது அசையாமல், சத்தமில்லாமல் இருக்கும். இடி மின்னலோ, ஐசொலேட்டர் என்ற சுவிட்சைத் திறக்கும்போது எழும் அதிவேக மின்னழுத்த அலையோ வந்து சேரும் நாளில் ஸ்பேசரின் மேற்பரப்பு வழியே பொறி ஓடிவிடும்.

நேர்மின்சாரத்தில் நிலைமை இன்னும் கடினம். அங்கே திசை மாறுவதில்லை, ஆகவே பிசிறு நேராகக் கடத்திக்கே போகலாம். சில சமயம் எதிர்மின் கடத்தியை ஒட்டிச் சின்ன ஒளியோடு மிதந்துகொண்டே இருக்கும்; ஆய்வாளர்கள் அதை மின்மினி என்கிறார்கள். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழகத்தின் புகளூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை இன்று திறந்தவெளியில் ஓடுகிறது. கடல் காற்றாலைகளுக்காக நேர்மின்சாரத்தையும் வாயுக் குழாய்க்குள் அடைக்கும் முயற்சி உலகெங்கும் நடப்பதால், மின்மினி இனி ஆய்வகத்தோடு நிற்காது.

இந்தப் பிசிறுகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் மனிதக் கைகள் வேலை செய்த இடத்திலிருந்து. திருகு வெட்டிய துளையின் விளிம்பில் ஒட்டியிருந்த அலுமினியப் பிசிறு, போல்ட் முறுக்கும்போது உரிந்த உலோகச் சுருள், ஒரு கடத்தியை மற்றொன்றின் வாய்க்குள் செருகும்போது சுரண்டப்பட்ட வெள்ளி முலாம். லேத் பட்டறையில் வேலை செய்தவர்களுக்கு இவற்றைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு சுவிட்சுகளின் உரசலும் கொஞ்சம் சேர்க்கும். உலக அளவில் உயர் மின்னழுத்த அமைப்புகளை ஆராயும் சிக்ரே அமைப்பு திரட்டிய பழுதுக் கணக்கில், ஜி.ஐ.எஸ். காப்புப் பழுதுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குத் துகள்களும் அந்நியப் பொருள்களும் காரணமாகப் பதிவாகியிருக்கின்றன. உத்திரமேரூரின் கல்தூசு மின்கடத்தி அல்ல என்பதால் உலோகப் பிசிறு அளவுக்கு அது கெட்டதல்ல. ஆனாலும் இணைப்பு வளையத்தில் ஒரு மணல் துகள் சிக்கினால் வாயு கசியும். ஸ்பேசரில் ஈரத்தோடு படிந்தால் அதுவும் பழுதுக்கு வழிதான்.

இந்தக் கருவிகளில் ஒரு பகுதி இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் பிறக்கிறது. வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் உள்ள படப்பையில், முன்பு அரேவா, பிறகு அல்ஸ்டாம், இன்று ஜி.இ. வெர்னோவா என்று பெயர் மாறிவந்த நிறுவனத்தின் தொழிற்சாலை ஜி.ஐ.எஸ். தயாரிக்கிறது. தூசு பறக்கும் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் தூசில்லாத கூடம் வைத்து நடத்த வேண்டிய தொழில் இது. ஆலையில் எவ்வளவு சுத்தம் பார்த்தாலும் கதை அங்கே முடிவதில்லை. பெரிய நிலையத்தை முழுதாக லாரியில் ஏற்ற முடியாது. பாகம் பாகமாக, வாயை மூடி, உலர்ந்த வாயு நிரப்பிக் கொண்டுபோய், இடத்தில் வைத்துத்தான் பூட்ட வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் அந்த மூடி திறக்கிறது. ஆபத்து நுழையும் நேரம் அதுதான்.

ஆகவே பூட்டும் இடத்தில் கூடாரம் கட்டுகிறார்கள். சுத்திகரித்த காற்றை உள்ளே ஊதி, வெளித்தூசு வராமல் அழுத்தத்தைச் சற்று உயர்த்தி வைக்கிறார்கள். உள்ளே போகிறவர்கள் இழை உதிராத மேலங்கி, தொப்பி, கையுறை அணிய வேண்டும். கைக்கடிகாரம், சில்லறை, பேனா எல்லாம் வெளியே. எடுத்துப்போன கருவிகளை எண்ணி, திரும்பி வரும்போதும் எண்ணுகிறார்கள். வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, பஞ்சு உதிராத துணியை ஆல்கஹாலில் நனைத்து உட்சுவரைத் துடைத்து, டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி எங்காவது மினுங்குகிறதா என்று பார்த்து, மறுபடி துடைக்கிறார்கள். பிறகு மூடி, காற்றை ஒரு மில்லிபாருக்கும் கீழே உறிஞ்சி எடுத்து, வாயு நிரப்புகிறார்கள்.

நவீன மின்கட்டமைப்பின் ஆகப் பெரிய கருவிகளில் ஒன்று கடைசியில் ஒரு துணியையும் அதைப் பிடித்திருக்கும் ஆளின் பொறுமையையும் நம்பி நிற்கிறது. அந்த ஆள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி. ஏப்ரல் வெயிலில் மேலங்கியோடு குழாய்க்குள் தலையை விட்டுத் துடைத்துக்கொண்டிருப்பவருக்குத் திட்ட அட்டவணையில் எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. திறப்பு விழா தேதி நெருங்கும்போது முதலில் சுருங்குவது இந்த மணி நேரம்தான் என்றால், அதைவிட விலை கூடிய சிக்கனம் வேறில்லை.

வடிவமைப்பாளர்களும் தங்கள் பங்கைச் செய்திருக்கிறார்கள். எவ்வளவு துடைத்தாலும் சில துகள் தப்பும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் குழாயின் அடியில், புலம் பலவீனமாக இருக்கும் இடங்களில் பள்ளங்கள் அமைக்கிறார்கள். துள்ளிக்கொண்டே வரும் பிசிறு அதற்குள் விழுந்தால் மறுபடி எழப் போதிய புலம் இருக்காது. அந்தப் பள்ளத்துக்குத் துகள் பொறி என்று பெயர்; எலிப்பொறியில் வரும் அதே பொறி. உட்சுவருக்கு எபாக்ஸிப் பூச்சு அடிப்பது இன்னொரு முறை. உலோகத்தை நேரடியாகத் தொடாவிட்டால் பிசிறு மின்னூட்டம் ஏற்றிக்கொள்வது கடினமாகிறது, எழுவதற்கு இன்னும் வலுவான புலம் தேவைப்படுகிறது.

நிலையத்தை ஓடவிடும் முன் நடக்கும் சோதனையும் ஒருவகைச் சுத்தம்தான். மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சில நிமிடம் நிறுத்துகிறார்கள். அந்த நேரத்தில் துகள்கள் எழுந்து, நகர்ந்து, அந்தப் பள்ளங்களில் விழுந்து அடங்குகின்றன. கடைசியில் ஆலைச் சோதனை அளவில் ஏறத்தாழ 80 சதவீதம் வரை ஏற்றுவார்கள். அவசரப்பட்டு ஒரே மூச்சில் ஏற்றினால், அடங்கியிருக்க வேண்டிய பிசிறே நிலையத்தை எரித்துவிடலாம்.

இவ்வளவுக்கும் தப்பித்த துகளை என்ன செய்வது? அதன் சத்தத்தைக் கேட்கலாம். ஒவ்வொரு சின்னப் பொறியும் குழாய்க்குள் ரேடியோ அலையைக் கிளப்புகிறது. 300 முதல் 3,000 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அந்த அலையை உள்ளே பதித்த உணரிகள் பிடிக்கும். 1980களில் பிரிட்டனில் வளர்ந்த இந்த முறை, ஸ்காட்லாந்தின் டோர்னஸ் அணுமின் நிலையத்தில் முதன்முதலில் நிறுவப்பட்டு உலகெங்கும் பரவியது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆர். சாரதியின் குழுவினர் துகள் எழுப்பும் இத்தகைய சமிக்ஞைகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அசையாத கூர்முனை ஒன்று மின்னழுத்த அலையின் உச்சத்தை ஒட்டி மட்டும் பொறி விடும். துள்ளும் பிசிறோ அலையின் எந்த இடத்தில் வேண்டுமானாலும் பொறி விடும். சமிக்ஞையை வரைந்து பார்த்தாலே எந்தக் குற்றவாளி என்று சொல்லிவிடலாம்.

குழாயின் வெளிப்புறத்தில் ஒட்டவைக்கும் ஒலி உணரி இன்னும் எளியது. பிசிறு சுவரில் வந்து மோதும் ஒவ்வொரு முறையும் அது கேட்கிறது. இரண்டு மோதல்களுக்கு இடையே உள்ள நேரத்தை வைத்து எவ்வளவு உயரம் துள்ளுகிறது என்று கணக்கிடலாம். நேரம் நீளநீளக் கவலையும் கூட வேண்டும். உணரியைக் குழாய் நெடுக நகர்த்தினால் அது கிடக்கும் அறையையே கண்டுபிடித்துவிடலாம். இந்த உணரிகளின் செலவு மொத்தத் திட்டச் செலவில் சிறு பங்கு. டெண்டரில் அதை வெட்டிவிட்டு, பழுது வந்தபின் வருந்துவதில் அர்த்தமே இல்லை.

ஏனென்றால் பழுதின் விலை வேறு கணக்கு. திறந்தவெளியில் பீங்கான் உடைந்தால் கிரேன் வைத்து மாற்றி, அன்றே லைனை மீட்டுவிட முடியும். ஜி.ஐ.எஸ்.ஸில் வாயுவை முழுவதும் திரும்பப் பிடித்துச் சேமிக்க வேண்டும். பிறகுதான் அறையைத் திறக்க முடியும். மின்வில்லில் எரிந்த வாயு நச்சாக மாறியிருக்கும். உள்ளே வெள்ளைத் தூளாக உலோக ஃப்ளூரைடு படிந்திருக்கும். முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் யாரும் உள்ளே கை வைக்கக் கூடாது. மறுபடி துடைத்து, ஸ்பேசர் மாற்றி, காற்றை உறிஞ்சி, வாயு நிரப்பி, சோதித்து ஓடவிடுவதற்குள் வாரங்கள் ஓடிவிடும்.

வாயுவைத் திரும்பப் பிடிப்பதில் அவ்வளவு கறார் காட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கிலோ சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு வெளியேறினால், நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 23,500 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். வளிமண்டலத்தில் அது ஆயிரம் ஆண்டுக் கணக்கில் தங்கும். 1997 கியோட்டோ உடன்படிக்கையிலேயே கட்டுப்படுத்த வேண்டிய வாயுக்களில் ஒன்றாக அது சேர்க்கப்பட்டது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த சட்டப்படி, புதிய மின்கருவிகளில் இந்த வாயு 2026 முதல் 2032 வரை மின்னழுத்த அளவு வாரியாகப் படிப்படியாக விலக்கப்படும். அதன் இடத்துக்குச் சில நிறுவனங்கள் ஃப்ளோரோநைட்ரைல் கலந்த கார்பன் டை ஆக்ஸைடையும், வேறு சில உலர்ந்த சுத்தக் காற்றையும் கொண்டுவருகின்றன.

ஆனால் அலுமினியத் துண்டு எழுவதற்கான கணக்கில் வாயுவின் பெயரே வருவதில்லை; உலோகத்தின் எடையும் தடிமனும் சுவரில் உள்ள புலமும்தான் வருகின்றன. எந்த வாயுவை நிரப்பினாலும் அது சென்டிமீட்டருக்கு அதே 4.6 கிலோவோல்ட்டில் எழுந்து நிற்கும்.